இரு கால்களிலும் பெருவிரல் முண்டு அறுவை: வீட்டையும் தயார் செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் சில வாரங்களுக்கு முன் வெளியான பாத வலி பற்றிய கட்டுரையில், கால் பெருவிரலின் அடிமூட்டு உட்பக்கமாகத் துருத்தி நிற்கும் குறையைப் பற்றி ஒரு பத்தி இடம்பெற்றிருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆறு வாரங்களில் நடக்கலாம் என்று அந்தப் பத்தி முடிந்திருந்தது. அதில் பிழையேதும் இல்லை. ஆயினும், சென்ற தை மாதம் இரண்டு கால்களிலும் ஒரே நாளில் அந்த அறுவையைச் செய்துகொண்டு, மேற்படி ஆறு வாரங்களையும் கூடத்துக் கட்டிலுக்கும் கழிவறை நாற்காலிக்கும் இடைப்பட்ட பதினெட்டு அடி தூரத்தில் கழித்தவள் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் அடங்காமல் போனவற்றை எழுதத் துணிகிறேன். அறுவைக்குக் காலைத் தயார் செய்யும் வேலையை மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. அந்தக் கால்கள் திரும்பி வரப்போகும் வீட்டைத் தயார் செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்வதற்கு ஆள் இல்லை.

நான் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வசிப்பவள். வயது 61. அரசுப் பள்ளியில் 33 ஆண்டுகள் பெரும்பாலும் நின்றுகொண்டே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். நாற்பது வயதளவில் இரு கால்களிலும் பெருவிரல்கள் பக்கத்து விரலை நோக்கிச் சாயத் தொடங்கின. அதைக் கால் ஆணி என்று எண்ணி, மருந்துக்கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டி, நல்ல தோலைப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம். பிறகு ஒருவர் யூரிக் அமிலம் கூடியிருக்கும் என்றார். அந்த மூட்டில்தான் கௌட் வாதமும் முதலில் தாக்கும் என்பதால் அவர் சொன்னதைக் குறைகூற முடியாது, ஆனால் பரிசோதனையில் அளவு சரியாகவே இருந்தது. கடைசியில் எலும்பு மருத்துவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் ‘பனியன்’ என்றார். என் கணவர் தம் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஆங்கிலத்தில் இந்த நோயின் பெயரும், திருப்பூரில் தைத்து வரும் உள்ளாடையின் பெயரும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுவதால், உறவினர்களிடம் ‘எனக்குப் பனியன் ஆபரேஷன்’ என்று சொல்லி நான் பட்ட பாடு தனிக் கதை. இக்கடிதத்தில் பெருவிரல் முண்டு என்றே எழுதுகிறேன்.

அந்த முண்டைப் புதிதாக முளைத்த எலும்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆசாரி கணுவைச் சீவுவது போலச் சீவி எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில், பெருவிரல் வெளிப்பக்கமாகச் சாயும்போது அதற்குப் பின்னாலுள்ள நீள் எலும்பு எதிர்த்திசையில், மற்றக் காலை நோக்கி விலகுகிறது. அந்த விலகலின் முனையே வெளியே முண்டாகத் தெரிகிறது. ஆகவே முண்டை மட்டும் சீவினால் சாய்வு அப்படியே இருக்கும், முண்டும் காலப்போக்கில் திரும்பி வரும். எலும்பையே வெட்டி, நகர்த்தி, நேராக வைத்துத் திருகாணியால் பிணைக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். இதற்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் மருத்துவ நூல்களில் விவரிக்கப்பட்டுள்ளன என்று அறிந்தபோது எனக்குத் தைரியத்தைவிட ஐயமே மிகுந்தது. எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு முறை இருந்திருந்தால் மற்றவற்றுக்குத் தேவை வந்திருக்காது அல்லவா?

செருப்பினால் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. 1958-இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றில், காலணி அணிந்து பழகிய சீனர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு இந்தச் சாய்வு இருந்ததாகவும், வெறுங்காலுடன் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே இருந்ததாகவும் கண்டார்கள். முனை குறுகிய காலணியும், நம் ஊர்ப் பெண்கள் விரும்பி வாங்கும், பெருவிரலை வளையத்துக்குள் நுழைத்துப் போடும் செருப்பும் முண்டை உரசி வலியைக் கூட்டும் என்பதை நானே அனுபவித்தேன். ஆனால் வாழ்நாளில் செருப்பே அணியாமல் வரப்பில் நடந்த என் பாட்டிக்கும் இதே முண்டு இருந்தது. என் தாய்க்கும் இருந்தது. குடும்பவழி வரும் கால் அமைப்பு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. ஆகவே இதை நவநாகரிகத்தின் தண்டனை என்று யாரும் பெண்களைக் கேலி செய்யாதிருப்பது நல்லது.

அறுவையை முடிவு செய்வதற்கு முன் மருத்துவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. “அம்மா, வலிக்கிறதா, அல்லது பார்க்க நன்றாக இல்லையா?” என்று கேட்டார். பார்வைக்காக மட்டும் இதைச் செய்வதில்லை என்றும், அறுவைக்குப் பிறகு மூட்டு சற்று இறுகலாம், விரலோரம் மரத்துப்போகலாம், சிலருக்குச் சாய்வு மீண்டும் வரலாம் என்றும், இவற்றையெல்லாம் ஏற்கும் அளவுக்கு வலி இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசலாம் என்றும் சொன்னார். இணையத்தில் விற்கும் விரலிடைப் பஞ்சும் இரவுப் பட்டையும் வலியைக் கொஞ்சம் குறைக்கும், வளர்ந்தவர்களின் எலும்பை நேராக்காது என்பதையும் அவரே கூறினார். நான் அதற்குள் இரண்டு ஜோடி வாங்கியிருந்தேன். நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் சாய்வு வலக்காலில் 36 பாகை, இடக்காலில் 33 பாகை. பதினைந்துக்குள் இருந்தால் இயல்பு. படுத்த நிலையில் எடுத்த படம் சாய்வைக் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், நின்றபடி எடுத்த படமா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நன்று.

இரண்டு காலையும் ஒரே நாளில் செய்வதா, ஒன்று ஆறிய பின் மற்றொன்றா என்பதுதான் இதில் மிகக் கடினமான முடிவு. ஒரே நாளில் செய்தால் மயக்க ஊசி ஒருமுறை, மருத்துவமனைச் செலவு ஒருமுறை, உதவிக்கு வரும் மகள் விடுப்பு எடுப்பதும் ஒருமுறை. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். இரண்டு முறை மும்மூன்று வாரம் வருவது அவளால் ஆகாது. ஆகவே ஒரே நாள் என்று நான்தான் வற்புறுத்தினேன். மருத்துவர் தயங்கினார். ஒரு காலை மட்டும் செய்துகொண்டவருக்கு ஊன்றி நிற்க மற்றொரு கால் இருக்கிறது, ஊன்றுகோலோடு நொண்டியாவது நகரலாம். இரண்டையும் செய்துகொண்டவர் இரண்டு குதிகால்களால் வாத்துப் போல நடக்க வேண்டும், படி ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாடு என்று விளக்கினார். அது எனக்குக் காதில் விழுந்தது, மனத்தில் பதியவில்லை. இன்று யாராவது என்னிடம் கேட்டால், வீட்டுக்குள்ளேயே மேல்நாட்டுக் கழிவறை, தரைத்தளத்தில் படுக்கை, மூன்று வாரம் உடனிருந்து தூக்கிவிட ஒருவர் ஆகிய மூன்றும் இல்லாதவர்கள் இரண்டு காலையும் ஒன்றாகச் செய்துகொள்ள வேண்டாம், இடையில் சில மாதங்கள் விட்டுத் தனித்தனியாகச் செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். இந்த மூன்றையும் எங்களிடம் மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை.

காலைத் தயார் செய்த கதைக்கு முதலில் வருகிறேன். சர்க்கரை அளவு, இதயத் துடிப்புப் பதிவு, பாதத்து நாடித் துடிப்பு எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் இடக்காலில் நான்காம் ஐந்தாம் விரல்களுக்கு இடையே வெளுத்துப் பிசுபிசுத்திருந்த சேற்றுப்புண்ணைக் கண்டதும் மருத்துவர் தேதியை மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டார். நாற்று விட்ட வயலில் மார்கழி முழுவதும் நடமாடியதன் விளைவு அது. கழனிப் பக்கம் வாழும் நமக்குச் சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் ஒரு நோயாகவே தோன்றுவதில்லை. மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்போம். அறுவை செய்யும் காலில் அந்தச் சிறு பிளவு வழியே கிருமி புகுந்தால் உள்ளே வைத்த திருகாணி வரை போகும் என்பதை அவர் சொன்ன பிறகுதான் உணர்ந்தேன். காளானுக்கான களிம்பைத் தடவி, குளித்தபின் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, வயலுக்குப் போவதை நிறுத்திய பின் இரண்டே வாரத்தில் ஆறியது. டெல்டாவில் இந்த அறுவையை எண்ணியிருப்பவர்கள் முதலில் தங்கள் விரலிடுக்குகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மெட்டி. சாய்ந்த பெருவிரல் அழுத்தியதால் இரண்டாம் விரல் மேலே தூக்கி வளைந்திருந்தது, மெட்டி கணுவுக்குப் பின்னால் சிக்கிப் பல ஆண்டுகளாகக் கழலாமல் கிடந்தது. உலோகம் எதுவும் காலில் இருக்கக்கூடாது, அறுவைக்குப் பின் விரல் வீங்கினால் மெட்டி இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும் என்று செவிலியர் கூறியதும், பத்தரிடம் சென்று வெட்டி எடுக்க நேர்ந்தது. எண்பத்து மூன்று வயதான என் மாமியார் அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை தாமாகவே ஒரு மஞ்சள் கயிற்றைக் கொண்டுவந்து, அறுவை முடியும் வரை இதைக் கையில் கட்டிக்கொள் என்றார். நான் கட்டிக்கொண்டேன், அறுவை அரங்க வாசலில் அதையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். நகப்பூச்சு, மருதாணி, காலில் மஞ்சள் இவற்றையும் ஒரு வாரம் முன்பிருந்தே தவிர்க்கச் சொன்னார்கள். இவையெல்லாம் சிறிய செய்திகள்தாம். ஆனால் அறுவை நாளன்று காலையில் தெரிந்துகொண்டால் வீட்டில் ஒரு சண்டைக்குப் போதுமானவை.

இனி வீடு. எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு. தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி, திண்ணையிலிருந்து ரேழிக்கு உயர்ந்த நிலைப்படி, கூடத்திலிருந்து முற்றத்துக்கு ஒரு இறக்கம், கழிவறை கொல்லைக் கோடியில். குதிகால் மட்டும் தரையில் படும்படி நடப்பவருக்கு ஒவ்வொரு நிலைப்படியும் ஒரு மதகு. நாங்கள் இதையெல்லாம் அறுவைக்கு மறுநாள், காரிலிருந்து இறங்கி நின்றபோதுதான் கண்டோம். என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிச் சென்றார்கள். ஊர்வலத்துக்கு மேளம் மட்டும்தான் இல்லை. முதல் இரவே கொல்லைக்குப் போக முடியாது என்று தெரிந்துபோயிற்று. மறுநாள் என் கணவர் கும்பகோணம் சென்று, நடுவில் துளையிட்டு அடியில் வாளி பொருத்திய கழிவறை நாற்காலியையும், நான்கு கால் வாக்கரையும் வாங்கி வந்தார். அவற்றை ஒரு வாரம் முன்பே வாங்கியிருந்தால், அந்த ஒரு பகலும் ஓர் இரவும் நான் தண்ணீர் குடிக்காமல் கிடந்திருக்க மாட்டேன்.

தண்ணீர் குடிக்காமல் கிடந்தது பற்றி வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் பெண்கள் பலரும் இதைத்தான் செய்வார்கள். கழிவறைக்குப் போவது பிறருக்குத் தொல்லை என்று எண்ணி நீரைக் குறைத்துக்கொள்கிறோம். வலிக்கென்று கொடுக்கும் மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கும். நீரும் குறைந்தால் நிலைமை மோசமாகும். அதைவிட முக்கியம், அசையாமல் கிடக்கும் காலில், உடலில் நீர்ச்சத்தும் குறைந்திருக்கும்போது, கெண்டைச் சதையின் இரத்தநாளத்தில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு காலின் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதைத் தவிர்க்கவே கணுக்காலை மேலும் கீழும் மணிக்கொரு முறை பத்துப் பதினைந்து தடவை அசைக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கொடுத்த விடுவிப்புத் தாளில் இது ஆங்கிலத்தில் ஒரே வரியாக இருந்தது. நான் ஆசிரியை, படித்துவிட்டேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலில், இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த மூதாட்டியின் மகன் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, “டீச்சர், இதுல என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்டார்.

அறுவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் இரவு சாப்பிட்டதோடு சரி. தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை அனுமதித்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்தார்கள், கூடவே கணுக்காலைச் சுற்றியும் மரப்பு ஊசி. விழித்திருந்தேன், எதுவும் தெரியவில்லை, இழைப்பது போன்ற ஒலி மட்டும் கேட்டது. எனக்குச் செய்த முறைக்கு ‘ஸ்கார்ஃப்’ என்று பெயர். தச்சர்கள் இரண்டு உத்திரங்களை நீளவாக்கில் ஒட்டுப்போடும் இணைப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. எலும்பைக் கிடையாக இசட் எழுத்து வடிவில் வெட்டி, ஒரு பாதியை நகர்த்தி, சிறு திருகாணிகளால் பூட்டுகிறார்கள். அந்தத் திருகாணிகள் உறுத்தாதவரை எடுக்கத் தேவையில்லை. கணுக்கால் மரப்பு விடியற்காலையில் விட்டது. மரப்பு விடும் வரை காத்திராமல் அதற்கு முன்பே வலி மாத்திரையை விழுங்கிவிட வேண்டும் என்று செவிலியர் ஒருவர் எழுப்பிச் சொன்னார். அவருக்கு இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

முதல் இரண்டு வாரங்களில் செய்ய வேண்டியது ஒன்றே: பாதத்தை நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டு படுத்திருப்பது. சாப்பிடவும் கழிவறைக்கும் மட்டும் எழலாம். காலைத் தொங்கவிட்டு அரைமணி நேரம் அமர்ந்தாலே விரல்கள் கருஞ்சிவப்பாகி விண்விண் என்று தெறிக்கும். தலையணைகள் இரவில் நழுவிவிடுவதால் கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல்லை வைத்து உயர்த்தினோம். போர்வையின் எடைகூட விரலில் படக்கூடாது என்பதற்காக என் பேரன் ஓர் அட்டைப் பெட்டியின் இரு பக்கங்களை வெட்டி, பாதங்களுக்கு மேல் கூடாரம் போல் கவிழ்த்து, அதன்மேல் போர்வையை விரித்தான். கட்டு நனையக்கூடாது என்பதால், குளியல் என்பது நாற்காலியில் அமர்ந்தபடி, பாதங்களை நெகிழிப் பையில் கட்டி முக்காலிமேல் நீட்டிக்கொண்டு நடந்தது. பார்க்க வருகிறவர்கள் கட்டிலின் கால்மாட்டில் உட்காராதபடி அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டுவைத்தோம். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருவோர் பழத்தோடு, கால் போன வேறொருவரின் கதையையும் கொண்டுவருவார்கள். இந்த இரண்டாவதைத் தடுக்க வழி காணவில்லை.

பத்தியம் குறித்தும் ஒரு சொல். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, முட்டை சீழ் வைக்கும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி, முதல் வாரம் எனக்கு மிளகு ரசமும் பருப்பில்லாத சோறுமே கிடைத்தன. புண்ணும் எலும்பும் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், முட்டை, மீன், பருப்பு, பால் எதையும் விலக்க வேண்டாம் என்று தையல் பிரிக்கும் அன்று மருத்துவர் என் மாமியாரின் முன்னிலையில் சொன்ன பிறகே விரால் மீன் குழம்பு வந்தது. விராலுக்குப் புண்ணாற்றும் குணம் உண்டு என்பது எங்கள் பக்கத்துப் பழைய நம்பிக்கையாதலால், அவருக்கும் அது கௌரவமான சமரசமாக அமைந்தது. எலும்பு கூடுவதைத் தடுப்பது கத்தரிக்காய் அன்று, புகையிலை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமுள்ளவர்களும், பீடி சிகரெட் பிடிப்பவர்களும் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். ஆறு வாரம் வரை அடிப்பாகம் வளையாத, தட்டையான மருத்துவக் காலணியில் குதிகாலை ஊன்றி நடந்தேன். ஆறாம் வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருப்பது தெரிந்தது. தங்கள் கட்டுரை சொன்ன ‘நடக்கலாம்’ என்பது அந்த நாள்தான். நடந்தேன், ஆனால் எனக்கிருந்த எந்தச் செருப்பும் நுழையவில்லை. வீக்கம் பகலில் குறைந்து மாலையில் ஏறும். அது அடங்க ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். பத்து மாதம் கழிந்த இன்றும் விளக்கேற்றும் நேரத்துக்கு என் இடக்கால் சற்றுப் பருத்துவிடுகிறது. விரற்பகுதி அகன்ற, வார் போட்டு இறுக்கித் தளர்த்தும் காலணி வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைப்பவர் ஒருவர் என் அளவுக்குப் பட்டைகளை இடம் மாற்றித் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கும்போது, “இந்தக் காலுக்கு இனிமே வளையம் வச்சது வாங்காதீங்கம்மா” என்றார். பெரிய மருத்துவமனையில் கிடைக்காத அறிவுரை அது.

மூட்டு இறுகாமல் இருக்கப் பெருவிரலைக் கையால் பிடித்து மேலே மடக்கும் பயிற்சியை எப்போது தொடங்குவது, எவ்வளவு அழுத்துவது என்பதை ஒருவர் அருகிலிருந்து காட்ட வேண்டும். வலிக்குப் பயந்து இடக்காலை நான் மூன்று வாரம் தொடாமலே விட்டுவிட்டேன். அந்தக் காலில் விரல் இன்றும் வலக்காலின் பாதியளவே மடங்குகிறது. இத்தகைய பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளரைக் காணக் கும்பகோணம் போக வேண்டும்; அதற்கு எங்கள் ஊர்ப் பேருந்தின் முதல் படியில் காலை வைக்க வேண்டும், அந்தப் படியோ என் முழங்கால் உயரம். இந்நிலையில்தான், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு என்பதைப் பக்கத்துத் தெருவில் பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வந்த பணியாளர் மூலம் அறிந்தேன். 2021 ஆகஸ்டு முதல் நடந்துவரும் திட்டம் அது. அவர் வந்து கால்மணி நேரம் காட்டிக்கொடுத்ததில் எனக்குக் கிடைத்த பயன், அதற்கு முன் நானே ஒரு மாதம் தட்டுத்தடுமாறியதில் கிடைக்கவில்லை. அறுவை முடிந்து அனுப்பும்போதே நோயாளியின் முகவரியை அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்துவிட்டால், இந்த உதவி தற்செயலாகக் கிடைக்கும் ஒன்றாக இருக்காது.

என் தெருவிலேயே நடவு வேலைக்குச் செல்லும் ஒரு பெண்மணிக்கு என்னைவிட மோசமான முண்டு இருக்கிறது. சேற்றில் குனிந்து பின்னோக்கி நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் விரலை மண் பிடித்து இழுக்கிறது என்பார். என் கட்டைப் பார்க்க வந்தவர், “நாலு மாசம் உக்காந்தா யாருக்கா சோறு போடுவா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு அப்போது என்னிடம் விடை இல்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன். தையில் சம்பா அறுவடை முடிந்தால், மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கும் வரை, அவருக்கு வயலில் வேலை குறைவு. அறுவைக்கும் அதுவே உகந்த காலம்: முற்றமும் தெருவும் சேறாகும் ஐப்பசி கார்த்திகை மழை இல்லை, தொடக்க வாரங்கள் கத்திரி வெயிலுக்கு முன்பே கழிந்துவிடும், மூன்று மாதம் சேற்றில் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் தானாகவே நிறைவேறும். ஒரு காலை ஓர் ஆண்டும் மற்றொரு காலை மறு ஆண்டும் என்று அவர் செய்துகொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவரிடம் இருக்கிறது. தேதி குறிக்கும் முன் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ள பகுதி இது. மருத்துவர்கள் தேதி கொடுக்கும்போது நோயாளியின் சாகுபடிக் காலத்தையும் கேட்டுக் கொடுத்தால், முடியாது என்று திரும்பிப் போகிறவர்களில் சிலராவது சம்மதிப்பார்கள்.

மேலும் ஒரு எச்சரிக்கை. பெருவிரலின் உட்பக்க ஓரம் எனக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. தோலுக்கான சிறு நரம்பு அறுவையில் இழுபடுவதால் இது பலருக்கு நேர்வதே. சித்திரை மாத நண்பகலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகே, அந்த ஓரத்தில் கொப்புளம் எழும்பியிருந்ததைப் பார்த்தேன். சுட்டது தெரியவேயில்லை. வெறுங்காலுடன் கருங்கல்லில் நடக்கும் நம் வழக்கத்தில், அறுவை செய்துகொண்டவர்கள் முதல் ஆண்டிலாவது காலையிலோ மாலையிலோ கோயிலுக்குப் போவதோடு, வந்ததும் பாதத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. அறுவைக்குத் தேதி கொடுக்கும் அன்றே தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் தர வேண்டும். வீட்டில் எத்தனை படி, கழிவறை உள்ளேயா வெளியேயா, குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறையா, இரவில் உடனிருப்பவர் யார், சமையல் யார் செய்வார் என்பவற்றை இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் பத்து நிமிடம் கேட்டறிந்த பின்னரே, ஒரு காலா இரண்டு காலா என்று முடிவு செய்ய வேண்டும். தங்கள் மருத்துவப் பகுதியும் இனி இத்தகைய அறுவைகளைப் பற்றி எழுதும்போது, எத்தனை வாரத்தில் நடக்கலாம் என்பதோடு, அதுவரை எங்கே எப்படி இருக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து வெளியிடக் கோருகிறேன்.

நான்காம் மாதம் நின்றபடி குனிந்து வாசலில் நான்கு புள்ளிக் கோலம் போட்டேன். குத்துக்காலிட்டு உட்கார ஆறாம் மாதம் ஆயிற்று. மெட்டி இன்னும் போடவில்லை, இரண்டாம் விரலின் வளைவு முழுவதும் நீங்கவில்லை. கழிவறை நாற்காலியும் வாக்கரும் கூடத்து மூலையில் கிடந்தன. அவற்றைத் துடைத்து, இரு வாரங்களுக்கு முன் மேலத்தெருவில் முழங்கால் அறுவை செய்துகொள்ளவிருந்த ஒருவர் வீட்டுக்கு, அவர் மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.